மூன்று முறை கும்பிட்ட கேரவன்

'எனக்குத் தெரியாது' என்று சொல்ல எனக்குத் தெரியாது. இந்தக் குறையை ரொம்ப நாள் ஒரு திறமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது வழி கேட்டால், அந்த இடத்தின் பெயரையே அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டிருந்தாலும், கையை நீட்டி ஒரு திசையைக் காட்டிவிடுவேன். (காட்டுனதுக்கப்புறம் அந்தப் பக்கம் நான் போறதில்ல, அது வேற விஷயம்.) காய்ச்சலுக்கு மருந்து, கல்யாணத்துக்கு நாள், கைபேசியில் எந்த மாடல் நல்லது, எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். அது தப்பாகப் போனால் நான் அங்கே இருக்க மாட்டேன். அப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வாழ்க்கை ஒரு காலை வேளையில், பகோ சாலையில், ஓர் ஆலமரத்தடியில் வந்து முட்டி நின்றது.

அந்தக் கதையை என் அக்கா மகள்கள் இருவரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பெரியவள் கதையில் தேங்காய் அதிகம். சின்னவள் கதையில் நான் அழுகிறேன். நடந்தது நடந்தபடி நானே ஒரு தடவை எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றுகிறது. (அழுதேன்தான். ஆனா அவ சொல்ற அளவுக்கு இல்ல.)

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. பர்மாவில், யாங்கூன் நகரின் தின்கன்ஜூன் பக்கம் அம்மாவோடு குடியிருந்தேன். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்கக் காகிதம் எழுதித் தரும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை. இங்கிலீஷ் படிவங்களை நிரப்புவேன் என்பதால் அலுவலகத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை. நானோ அதை நிறைய மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா சரசுவைக் கட்டிக்கொடுத்தது நகரின் இன்னொரு மூலையில், ஷ்வேப்யிதாவில். அத்தான் பெயர் வேலு. அங்கே பிளாஸ்டிக் வாளியும் குவளையும் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லாரி ஓட்டுகிறார். பன்னிரண்டு சக்கர லாரி. சீன எல்லையில் இருக்கும் மூசேக்குப் போய் மூலப்பொருள் ஏற்றி வர வேண்டும். மாதத்தில் இருபது நாள் அந்தச் சாலையில்தான் இருப்பார். பட்டாளமும் கிளர்ச்சிக்காரர்களும் சண்டை போடும் சாலை அது. காலையில் திறந்திருக்கும், மதியம் மூடியிருக்கும். நடுவில் போன் வேலை செய்யாத ஊர்கள் வரும். அத்தானின் போன் அடிக்காத நாட்களில் அக்கா அரிசியைக் களைந்துவிட்டு உலை வைக்க மறந்துவிடுவாள். பிள்ளைகள் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போகும்.

தொழிற்சாலை முதலாளி ஊ சேன். (பேருக்கு முன்னால வர்ற ஊ ஆம்பளைக்கு, டோ பொம்பளைக்கு, ரெண்டும் மரியாதை.) நல்ல மனிதர். அவர் மனைவி டோ கின்னுக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகி, அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாமல் இருந்தது. ஆபரேஷன் மேசைக்குப் போகும் முன்னால் அந்த அம்மா, பிழைத்து எழுந்தால் பகோவில் ஆரம்பித்து பகான் வரைக்கும் ஒவ்வொரு பகோடாவாகப் போய்க் கும்பிடுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். பிழைத்து எழுந்தும்விட்டார். ஆனால் உட்கார முடியாதவரை அவ்வளவு தூரம் எதில் கூட்டிப்போவது? ஊ சேன் யோசித்து யோசித்து ஒரு கேரவன் வாங்கினார்.

கேரவன் என்றதும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் நடிகர்கள் ஏசி போட்டு உட்காரும் பஸ்ஸை நினைத்துக்கொள்வார்கள். இது அது இல்லை. இதற்கு எஞ்சினே கிடையாது. ஒரு வெள்ளைப் பெட்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு குட்டி அடுப்பு, ஒரு கழிப்பறை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. கீழே இரண்டே சக்கரம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வேறொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போக வேண்டும். ஐரோப்பாவில் செய்து, ஜப்பானில் யாரோ சுற்றுலா போய் அலுத்து, கப்பலேறி எங்கள் துறைமுகத்துக்கு வந்திருந்தது. அதன் காகிதங்களைப் பார்த்தது எங்கள் அலுவலகம். கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஊ சேன் கேட்டார். வேலுவின் மைத்துனன் நான் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு ஜீப் இருந்தாலே அதை இழுத்துவிடலாம். ஆனால் ஊ சேன், "என் மனைவி படுத்துக்கொண்டு வருகிற வண்டி. இருப்பதிலேயே பலமானது இழுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். இருப்பதிலேயே பலமானது அத்தானின் பன்னிரண்டு சக்கர லாரிதான். ஷ்வேப்யிதாவில் ஒரு பட்டறையில் லாரியின் பின்புறம் இரும்புச் சட்டம் இறக்கி, அதில் கேரவனின் கம்பியை மாட்ட ஓர் இரும்புக் குண்டு வைத்து வெல்டிங் செய்தார்கள். மாட்டிப் பார்த்தபோது, பெரியப்பா ஒருவர் குழந்தையின் விரலைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போவது மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஊ சேன் அத்தானிடம் சொன்னதுதான் இந்தக் கதையின் உயிர். "வேலு, முதல் பயணத்தை ஒரு கீறல் இல்லாமல் முடித்துக் காட்டு. இனிமேல் இந்த வண்டிக்கு நீதான் டிரைவர். யாத்திரை இல்லாத நாளில் ஊருக்குள் சரக்கு ஓட்டு. மூசேக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்."

அத்தான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். அக்கா அவர் மூசேக்கு எடுத்துப்போகும் பையை எடுத்துத் துவைத்து, கொடியில் காயப்போட்டு, மடித்துப் பரணில் ஏற்றிவிட்டாளாம். எனக்கு இதெல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்துதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

புத்தகத்தை நான் படித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுப்பு பற்றவைப்பது எப்படி, கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்வது எப்படி என்பதெல்லாம் வரி வரியாகப் படித்து ஊ சேனுக்கு விளக்கினேன். 'பின்னோக்கி எடுத்தல்' என்று ஆறு பக்கம் இருந்தது. படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டிவிட்டேன். அதற்குப் பதிலாகக் கைபேசியில் வீடியோ பார்த்தேன். ஓர் அமெரிக்கர் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்து, சிரித்துக்கொண்டே டிரெய்லரை ஒரு கொட்டகைக்குள் ஏற்றினார். நான்கு நிமிடம்தான். பார்த்து முடித்ததும் எனக்கே அது கைவந்துவிட்ட மாதிரி இருந்தது.

புறப்பட்ட அன்று காலையில் அக்கா பிளாஸ்டிக் பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு தொழிற்சாலை வாசலில் நின்றாள். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் நாங்கள் கிளம்புவதில்லை. புதுசு கேரவன்தான், அதற்கு இரண்டு பழம் போதும் என்றேன்.

"லாரி கோவிச்சுக்காதா? வண்டின்னா எல்லாம் வண்டிதான்டா" என்று பதினான்கு சக்கரத்துக்கும் பதினான்கு பழம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். அத்தானின் நெற்றியில் திருநீறு பூசினாள். என் நெற்றியிலும் பூசி, "கூட இருந்து பாத்துக்கடா ரவி" என்றாள்.

எங்கள் நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருக்கும். ஜப்பான்காரர்கள் ஓட்டிக் கழித்த வண்டிகளாக வாங்கி ஊரை நிரப்பிவிட்டதால் வந்த வினை இது. டிரைவர் சாலையோரத்துச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். எதிரே என்ன வருகிறது என்பதை இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்கு ஸ்பேர் என்று பெயர். அன்றைக்கு நான் ஸ்பேர். கேரவனின் கதவும் இடப்பக்கம்தான். அதாவது நடுச் சாலையைப் பார்த்துத் திறக்கும். இதை நான்தான் கண்டுபிடித்து எல்லோரிடமும் சொன்னேன், ரொம்பப் பெருமையாக.

அத்தான் ஓட்டினாரே, அதை ஓட்டுவது என்றே சொல்லக்கூடாது. பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தூங்கவைப்பது மாதிரி கொண்டுபோனார். ஒரு பள்ளத்தில்கூடப் பெட்டி குலுங்கவில்லை. ஊ சேன் பின்னால் காரில் வந்தார். டோ கின், பெட்டி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு ஏறலாம் என்று, அதே காரின் பின் இருக்கையில் தலையணை வைத்துப் படுத்து வந்தார்.

பகோ சாலையில் ஆலமரத்தடியில் ஒரு நாட் சன்னதி உண்டு. நாட் என்றால் பர்மியர்களின் காவல் தெய்வம். நமக்கு முனீஸ்வரன் மாதிரி. புதிதாக வண்டி வாங்கிய எவரும், பௌத்தர், இந்து என்ற கணக்கில்லாமல், முதல் பயணத்தில் அங்கே நிறுத்தாமல் போக மாட்டார்கள். வண்டியைச் சன்னதியைப் பார்க்க நிறுத்துவார்கள். பூசாரி தேங்காயும் வாழைப்பழமும் வைத்த தட்டைக் காட்டி, கண்ணாடியில் சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டி, வாசனைத் தண்ணீர் தெளிப்பார். பிறகு முக்கியமான சடங்கு. டிரைவர் வண்டியை ஐந்தடி பின்னால் எடுத்து ஐந்தடி முன்னால் விட வேண்டும். மூன்று முறை. அப்படிச் செய்தால் வண்டியே நாட் சாமியைக் கும்பிடுகிறது என்று அர்த்தம்.

அன்றைக்கு அங்கே நல்ல கூட்டம். எங்கள் வண்டியைப் பார்த்ததும் மற்ற வண்டிக்காரர்களெல்லாம் தங்கள் நேர்த்திக்கடனை மறந்துவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஜன்னலுக்குத் திரை போட்ட வீடு ஒன்று லாரிக்குப் பின்னால் வந்து நிற்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.

டோ கின், தன் வண்டி கும்பிடும்போது தான் அதற்குள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூன்றே படி. ஏறப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, சிரித்து, அடுத்த படிக்குப் போனார். உள்ளே கட்டிலில் சாய்ந்துகொண்டு ஜன்னல் திரையை விலக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். இனி வண்டியை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் அத்தான் லாரியைவிட்டு இறங்கி ஊ சேனிடம் போனார். முதலாளியை அவர் சயா என்றுதான் கூப்பிடுவார்.

"சயா, இதை முன்னால எங்க வேணும்னாலும் இழுத்துட்டுப் போவேன். பின்னால எடுத்து எனக்குப் பழக்கமில்ல. நான் ஓட்டுனதெல்லாம் ஒத்த வண்டி. கொக்கியைக் கழட்டிட்டு நாலு பேரு கையாலயே தள்ளி மூணு தரம் கும்பிட வெச்சிடலாம்."

இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிய மனிதர், இத்தனை பேர் நடுவில், 'எனக்குப் பழக்கமில்லை' என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறார். எனக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. (ஆமா, அவருக்காக. நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு இதுலயே தெரியும்.)

கொக்கியைக் கழற்ற வேண்டுமானால் டோ கின்னை மறுபடி இறக்க வேண்டும். ஊ சேன் ஜன்னலைப் பார்த்தார். அந்த அம்மா கூப்பிய கையை இன்னும் எடுக்கவில்லை. ஊ சேன் முகத்தில் தயக்கம் தெரிந்தது. அந்தத் தயக்கத்துக்குள் நான் தலையை நுழைத்தேன்.

"கழட்ட வேண்டாம் ஊலே. நான் எடுக்கிறேன்" என்றேன். ஊலே என்றால் சித்தப்பா. கொஞ்சம் உரிமையாக இருக்கட்டுமே என்று.

"உனக்குத் தெரியுமா?"

"இதென்ன பெரிய விஷயம்?"

அத்தான் என் பக்கத்தில் வந்து தமிழில் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, நெசமாவே எடுத்திருக்கியா?"

"எங்க ஆபீஸ்ல கண்டெய்னர் டிரெய்லரே எடுத்திருக்கேன் அத்தான். இது சுண்டைக்கா."

என் அலுவலக ஜன்னல் வழியாக, டீ குடித்துக்கொண்டே, வேறு யாரோ கண்டெய்னர் டிரெய்லர் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுதான் என் அனுபவம். அத்தான் என்னைப் பார்த்தார். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கொடுத்தார்.

"அஞ்சடிதான். மெதுவா" என்றார்.

லாரியின் டிரைவர் இருக்கையில் நான் அதற்கு முன் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டியதெல்லாம் அலுவலக வேன். ஏறி உட்கார்ந்ததும் ஏதோ மாடி வீட்டு பால்கனியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பின்னோக்கிப் போகும் கியர் மூன்றாவது முயற்சியில் கிடைத்தது. முதல் இரண்டு முயற்சியில் லாரி நாட் சாமியைப் பார்த்து முன்னால் பாயப் பார்த்தது. பூசாரி இரண்டடி பின்வாங்கினார்.

முதல் கும்பிடு பிரமாதம். ஐந்தடி பின்னால், ஐந்தடி முன்னால், நூல் பிடித்த மாதிரி. கூட்டம் "சாது, சாது" என்றது. நன்று நன்று என்று பொருள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் எடுப்பதற்கு இவ்வளவு பெரிய லாரிக்காரர் பயந்தாரே என்று நினைத்தேன்.

இரண்டாவது கும்பிடும் நல்லபடியாகவே முடிந்ததாக நினைத்தேன். பின்னால் நின்றவர்களுக்குத்தான் பெட்டி இடது பக்கமாகக் கொஞ்சம் கோணியது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. லாரியின் உடம்பு அகலம், கேரவன் ஒல்லி. நேராக இருக்கும்வரை அது எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. தெரிய ஆரம்பித்தால் கோணிவிட்டது என்று அர்த்தம். நான் புரட்டிவிட்ட ஆறு பக்கத்தில் இதுதான் முதல் பக்கத்திலேயே இருந்தது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது கும்பிடு கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூட்டம் பார்க்கிறது, முதலாளி பார்க்கிறார், அந்த அம்மா கும்பிட்டபடி இருக்கிறார், ஐந்தடி போதாது என்று பட்டது. பூசாரி பின்னால் நின்று "லா, லா, லா" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வா, வா, வா என்று அர்த்தம். நான் போனேன். ஆறடி, எட்டடி, பத்தடி.

இடப்பக்கக் கண்ணாடியில் கேரவனின் மூலை தெரிந்தது. "அட, இப்பத்தான் தெரியுது" என்று நான் சந்தோஷப்பட்டேன். அதைப் பார்த்து ஓட்டலாம் என்று, அமெரிக்கர் செய்த மாதிரியே ஸ்டீயரிங்கை ஒடித்தேன். அவர் எந்தப் பக்கம் ஒடித்தார் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் குழப்பம் இருந்தது. கண்ணாடியில் கேரவன் பெரிதாகிக்கொண்டே வந்தது. "லா, லா" நின்று வேறு சத்தங்கள் கேட்டன. நான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

லாரி எதையும் உணரவில்லை. அதுதான் பலமான வண்டியில் இருக்கும் அபாயம். ஜீப்பாக இருந்தால் முட்டும்போதே திணறியிருக்கும். பன்னிரண்டு சக்கரத்துக்கு அந்தப் பெட்டி ஒரு பொருட்டே இல்லை. பெரிய பிஸ்கட் டின்னை யாரோ காலால் மிதிப்பது மாதிரி ஒரு சத்தம் கேட்டது. என்னவென்று தெரியாமல் இன்னும் ஓரடி எடுத்தேன். அதன் பிறகுதான் பிரேக்கை மிதித்தேன்.

கேரவன் மடங்கி லாரியின் இடப்பக்க மூலையில் சாய்ந்து நின்றது. லாரியின் இரும்பு மூலை அதன் சுவருக்குள், சரியாகக் கதவு இருக்கும் இடத்தில் புகுந்திருந்தது. கேரவனின் பின்பக்கம் வீசிய வீச்சில், காணிக்கைத் தட்டுகள் அடுக்கியிருந்த மேசை சாய்ந்து, தேங்காய்கள் பகோ சாலைக்கு உருண்டு போயின. இரண்டு பஸ்கள் நின்றன. பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி ஆளுக்கொரு தேங்காயைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள். அத்தனை பேரும் வந்து, தேங்காயைக் கொடுத்துவிட்டு, நின்று என்னைப் பார்த்தார்கள்.

ஊ சேன் "கின்! கின்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். கதவு திறக்கவில்லை. ஜன்னலில் அந்த அம்மாவின் முகம் இல்லை. ஒரு மனுஷியைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நான் நல்லாத்தான் இருக்கேன். கட்டில்ல இருந்து தரைக்கு வந்துட்டேன், அவ்வளவுதான். கும்பிட்டு முடிஞ்சுதா?"

இறங்கவும் முடியாமல், முன்னால் எடுக்கவும் பயந்து நான் உட்கார்ந்திருந்தபோது அத்தான் ஏறி வந்து கதவைத் திறந்தார். "நகரு மாப்ள" என்றார். அதட்டவில்லை. நான் நகர்ந்தேன். அவர் முன்னால் எடுத்தார், அங்குலம் அங்குலமாக. கேரவன் நேரானது. ஆனால் லாரியின் மூலை வெளியே வரும்போது கதவையும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவு சாலையில் விழுந்து, கொஞ்ச நேரம் ஆடி அடங்கியது.

டோ கின்னை நான்கு பெண்கள் தாங்கி இறக்கினார்கள். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, கூந்தலில் பூ சரிந்திருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தாலும் முதலில் திரும்பி நாட் சாமியைத்தான் கும்பிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உங்க கோயில்ல எல்லாரும் தரையில விழுந்து கும்பிடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். என்னையும் அப்படிக் கும்பிட வெச்சிட்டியே, பிள்ளை."

கூட்டம் சிரித்தது. ஊ சேன் சிரிக்கவில்லை. அவர் கதவைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "இதற்கு யார் பதில் சொல்வது?" என்று கேட்டார்.

நான் சொல்லியிருக்க வேண்டும். 'நான் பொய் சொன்னேன், எனக்கு எடுக்கத் தெரியாது, அத்தான் மேல் தப்பில்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். ரொம்பச் சின்ன வாக்கியம்தான். வாயைத் திறந்தேன். அந்த வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"கொக்கியை வெல்டிங் பண்ணதுல ஏதோ கோளாறு போலிருக்கு ஊலே."

அத்தான் ஒரே ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். பிறகு ஊ சேனைப் பார்த்து, "வெல்டிங் நல்லாத்தான் இருக்கு சயா. லாரி என் பொறுப்பு. சாவியைக் கொடுத்தது நான்" என்றார்.

எங்கள் லாரிக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஓட்டியவன் யாரானாலும் சாவியைக் கொடுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். ஊ சேன் கதவை லாரியில் ஏற்றச் சொல்லிவிட்டுக் காருக்குப் போனார். கத்தியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

யாங்கூனில் அந்தச் சுவரைச் சரிசெய்யத் தெரிந்தவர் எவரும் இல்லை. கடைசியில் வாளி செய்கிற நீல நிறப் பிளாஸ்டிக் தகட்டையே அறைந்து ஓட்டையை மூடி, அதிலேயே ஒரு கதவும் செய்தார்கள். டோ கின்னின் யாத்திரை தள்ளிப்போனது. அத்தான் அந்த வாரமே மூசேக்குக் கிளம்பினார். அதற்கு முந்தின நாள் நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா பரணிலிருந்து பையை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டுவாள், நாலு அறை விடுவாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். (சின்னவ சொல்ற அழுகை இங்கதான்.)

அதற்கப்புறம் பதினான்கு மாதம் அத்தான் அந்தச் சாலையில் ஓடினார். போன் வராத நாட்களில் நான் அலுவலகம் முடிந்து நேரே ஷ்வேப்யிதாவுக்குப் போய்விடுவேன். உலை வைப்பேன். பிள்ளைகளுக்குச் சோறு போடுவேன். அக்கா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு தடவை நான்கு நாள் தகவலே இல்லை. அந்த நான்கு நாளும் நான் வேண்டாத சாமி இல்லை, ஆலமரத்து நாட் உட்பட. ஐந்தாம் நாள் போன் அடித்தது. "லைன் இல்லாத ஊர்ல மாட்டிக்கிட்டேன், வேற ஒண்ணுமில்ல" என்றார். நான் போனை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அந்தப் பதினான்காம் மாதம் டோ கின்னே பிடிவாதம் பிடித்தார். பிளாஸ்டிக் ஒட்டுப் போட்ட வண்டியானாலும் பரவாயில்லை, வேலுதான் ஓட்ட வேண்டும், தான் போக வேண்டும் என்றார். "தெரியாததைத் தெரியாதுன்னு சொன்ன ஒரே ஆளு அங்க அவன்தான்" என்றாராம். அத்தான் மூசே ஓட்டத்தை விட்டு ஊருக்குத் திரும்பினார். அது தடிஞ்ஜூட் விளக்குத் திருவிழா நேரம். அந்த நாட்களில் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய், பழத்தட்டு வைத்து, மூன்று முறை விழுந்து கும்பிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பது இந்த ஊர் வழக்கம். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருப்பதால் நாங்களும் செய்வோம்.

அத்தான் பாயில் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் மண்டியிட்டு ஒரு முறை கும்பிட்டேன். இரண்டாம் முறை நெற்றி தரையில் பட்டதும் என்னால் எழ முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

"அத்தான், நான் கண்டெய்னர் டிரெய்லர் எடுத்ததே இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய்."

"தெரியுமே" என்றார் அத்தான். "உங்க ஆபீஸ்ல டிரெய்லர் ஏது? இருக்கறது ஒரு வேனும் ரெண்டு குடையும்."

நான் தலையைத் தூக்கினேன். "தெரிஞ்சேவா சாவியைக் கொடுத்தீங்க?"

"அஞ்சடி போயி அஞ்சடி வர்றதுதானேன்னு நெனச்சேன். அதுவுமில்லாம, சயா நிக்கறாரு, ஊரே நிக்குது. அத்தனை பேரு முன்னால 'இவன் பொய் சொல்றான்'னு உன்னை எப்படி மாப்ள சொல்றது? ஆனாதே இல்லையா?"

ஆனாதே என்பது பர்மியச் சொல். அடுத்தவன் முகம் சுருங்கிவிடுமே என்று, சொல்ல வேண்டியதை விழுங்கிக்கொள்வது. நாம் முகதாட்சண்யம் என்போமே, அதைவிட ஒரு படி கூடுதல். அவர் அன்றைக்கு விழுங்கியது என் மானத்துக்காக. அதற்கு அவர் கொடுத்தது அந்தச் சாலையில் பதினான்கு மாதம். அக்காவும் கொடுத்தாள். எனக்கு இன்னொரு முறை நெற்றியைத் தரையில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அதற்காகக் குனிந்தேன்.

அப்போதுதான் பெரியவள் கத்தினாள். "அம்மா, மாமா மூணாவது தரம் கும்பிடப் போறாரு! எல்லாரும் நகருங்க!"

சின்னவள் பாய்ந்து சுவரோரம் ஒட்டிக்கொண்டாள். அக்கா, பதினான்கு மாதத்தில் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டே, தேங்காய்த் தட்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாரோ "லா, லா, லா" என்றார்கள்.

இப்போது வருஷா வருஷம் இதுதான். தடிஞ்ஜூட் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்துவிடுகிறார்கள். நான் இரண்டு முறை கும்பிட்டு நிமிர்ந்ததும் வீடே அலறிக்கொண்டு பின்னால் ஓடும். பிள்ளைகள் ஜன்னல் திட்டில் ஏறிக்கொள்ளும், அக்கா தட்டோடு வாசலுக்கே போய்விடுவாள். அத்தான் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார்.